தாகப் பங்காளிகள்

என் கணவரின் குடியை உறவினர்கள் பங்கு போட்டுக்கொண்ட அன்று சாப்பாடு பிரமாதம். தேங்காய்ப்பால் சொதி, இஞ்சிப் பச்சடி, இரண்டு வகைப் பாயசம். எங்கள் கல்யாணத்துக்கே ஒரு பாயசம்தான்.

பாளையங்கோட்டையில் மண்டபம் பிடித்திருந்தோம். மேடையில் சிம்மாசனம் போல ஒரு நாற்காலி. அதில் மாலையும் கழுத்துமாக என் கணவர் சைலப்பன். பக்கத்தில் ஆளுயரத் திரையில் ஒரு பானைப் படம், அதன் விளிம்பு வரை சிவப்பாக ஏதோ தளும்பிக்கொண்டிருந்தது. அதுதான் அவருடைய தாகம். குடிகாரனை வந்து பார்த்துவிட்டுப் போங்கள் என்று கூப்பிட்டபோது வராதவர்கள் எல்லோரும், குடியை வாங்கிக்கொள்ளக் கூப்பிட்டதும் பட்டுடுத்தி வந்துவிட்டார்கள். மைக் உண்டு, வீடியோ உண்டு என்றால் எங்கள் சொந்தக்காரர்கள் எரிமலைக்குள்ளும் வரிசையில் நின்று இறங்குவார்கள்.

நான் உலகம்மை. ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி நடத்துகிறேன். கார்கள் தாமாகவே ஓட ஆரம்பித்துப் பல வருடமாகியும் பள்ளியை மூடவில்லை. ஸ்டியரிங்கைத் தொடாமல் சும்மா உட்கார்ந்திருப்பது எப்படி என்று இப்போது சொல்லிக்கொடுக்கிறேன். நம் ஆட்களுக்கு அதுதான் வரவே மாட்டேன் என்கிறது. ஏறி உட்கார்ந்ததிலிருந்து காருக்குப் புத்தி சொல்லிக்கொண்டே வருவார்கள். அவர்களைத் திட்டித் திட்டி என் தொண்டை கரகரத்துவிட்டது. வீட்டுக்கு வந்து அதே தொண்டையால் கணவரையும் திட்டுவேன்.

அவர் கயத்தாறு பக்கம் காற்றாலைகளில் ஏறிப் பழுது பார்க்கிறவர். தரையில் நடக்கவே தடுமாறுகிறவரை எந்த நிறுவனம் அவ்வளவு உயரத்தில் ஏற்றும்? கீழே உட்கார்ந்து மற்றவர்கள் ஏறுவதைப் பார்க்கும் வேலை கொடுத்தார்கள். அதற்கும் அவர் ஒழுங்காகப் போகவில்லை.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். குடித்துவிட்டு அடிக்கிற ரகம் இல்லை அவர். மன்னிப்புக் கேட்கிற ரகம். என்னிடம் கேட்பார், செருப்பிடம் கேட்பார், இடித்துக்கொண்ட கதவிடமும் கேட்பார். ஒருநாள் எங்கள் தெருமுனையில் எவனோ ஒருவன் குடித்துவிட்டு விழுந்து கிடந்தான். இவர் அவனுடைய செருப்பைச் சாக்கடையிலிருந்து எடுத்துக் கழுவி வைத்தார். தன் துண்டைச் சுருட்டி அவன் தலைக்கு அடியில் கொடுத்தார்.

"யாரு அது? தெரிஞ்சவரா?" என்றேன்.

"தெரியாதுட்டி. நாளைக்கு அங்கன கெடக்கப்போறது நானா இருக்கலாம்லா."

துண்டு திரும்பி வரவில்லை. அதற்கும் திட்டினேன்.

திட்டுவதில் நான் தனி ஆள் இல்லை. அவருடைய அண்ணன் நாறும்பூ அத்தான் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். வீட்டுக்கு வந்தால் காலைப் பிரார்த்தனைக் கூட்டம் போல எங்களை நிற்கவைத்துப் பேசுவார். தாய்மாமன் தளவாய் மாமா, "ஒரு மாசம் எங்கிட்ட விடு, தோலை உரிச்சித் தாரேன்" என்று ஒவ்வொரு விசேஷத்திலும் சொல்லுவார். ஒரு நாளும் கூட்டிக்கொண்டு போனதில்லை. அக்கா வடிவு மைனிக்கு மட்டும் காரணம் தெளிவாகத் தெரியும். "பொம்பள சரியா இருந்தா அவன் ஏன் குடிக்கான்?"

இந்த நிலையில்தான் 'தாகசாந்தி இல்லம்' வந்தது. கட்டடத்தின் தரைத்தளத்தில் மதுக்கடை, மாடியில் இல்லம். இரண்டையும் நடத்துகிறவர் ஒருவரே. லிஃப்ட்டும் ஒன்றுதான். ஏறுகிறவர்களும் இறங்குகிறவர்களும் ஒருவருக்கொருவர் மரியாதையாக வழிவிட்டுக்கொள்வார்கள், பல சமயம் அது ஒரே ஆளாக இருக்கும்.

அங்கே மனநல மருத்துவர் டாக்டர் பியூலா. தேனில் ஊறவைத்து எடுத்த குரல்.

"இங்க யாரையும் குடிகாரர்னு சொல்லக் கூடாதும்மா. தாகமுள்ளவர்."

"திரும்பக் குடிச்சா?"

"சறுக்கினார்."

"வாந்தி எடுத்தா?"

டாக்டர் கொஞ்சம் யோசித்தார். "மனசைத் திறந்தார்னு வச்சுக்கலாம்."

எழுந்து போய்விடலாம் என்று பையை எடுத்தேன். அப்போது அவர் ஒன்று கேட்டார். "திட்டுனதால திருந்தின ஒருத்தரைச் சொல்லுங்க உலகம்மை. நான் இன்னைக்கே இல்லத்தை மூடிடறேன்."

யோசித்துப் பார்த்தேன். எங்கள் தெரு, அவர் ஊர், என் ஊர் எல்லாவற்றையும் சுற்றிவந்தேன். ஒருத்தர் கூட அகப்படவில்லை.

"திட்டுனா வெக்கம் வரும். வெக்கத்தைத் தாங்க முடியாம மறுபடி குடிப்பாங்க. குடிச்சா நீங்க மறுபடி திட்டுவீங்க. செக்கு மாதிரி சுத்திக்கிட்டே இருக்கும். திட்டறவங்க கெட்டவங்க இல்லை, அந்தத் தாகம் எப்படி இருக்கும்னு அவங்களுக்குத் தெரியாது. தெரிஞ்சா திட்ட வாய் வராது." மேசையிலிருந்து சட்டைப் பொத்தான் அளவில் ஒன்றை எடுத்துக் காட்டினார். "இதைக் காதுக்குப் பின்னால ஒட்டிக்கிடணும். அவர் மூளையில எழும்பற ஏக்கத்தைப் பிரிச்சு உங்களுக்குக் கொண்டுவந்துரும். அவருக்குக் குறையும், உங்களுக்கு ஏறும்."

"அழிச்சிர முடியாதா?"

"ஏக்கத்தை அழிக்க முடியலம்மா. ஆளை மாத்தலாம், அவ்வளவுதான் கண்டுபிடிச்சிருக்கோம். பத்துப் பங்கா வைப்போம். ஒம்பது பங்கைச் சொந்தக்காரங்க எடுத்துக்கலாம். ஒரு பங்கு மட்டும் கண்டிப்பா அவர்கிட்டயே இருக்கணும்."

"வழிச்சு எடுத்துட்டா நல்லதுல்லா?"

"இருக்கணும்னு ஆராய்ச்சி சொல்லுது." ஆராய்ச்சி ஏன் அப்படிச் சொல்கிறது என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. இன்னொன்று மட்டும் கேட்டேன். வாங்கின பங்கைத் திருப்பிக் கொடுக்க முடியுமா?

"அவர் சம்மதிச்சா கொடுக்கலாம். சம்மதம் இல்லாம ஒருத்தர் தாகத்தை இன்னொருத்தர் மேல தள்ள முடியாது. வாங்குறவர் வாயால 'சம்மதம்'னு சொல்லணும்."

இதைச் சத்தமில்லாமல் ஓர் அறையில் உட்கார்ந்து முடித்திருக்கலாம். டாக்டரும் அப்படித்தான் நினைத்திருந்தார். எங்கள் ஆட்களைப் பற்றி அவருக்குத் தெரியாது. பங்கு என்று ஒரு வார்த்தை காதில் விழுந்ததுமே தளவாய் மாமா மண்டபத்துக்கு முன்பணம் கட்டிவிட்டார்.

ஆக, மண்டபம். மைக் பிடித்தவர் கல்யாண வீடுகளில் அறிவிக்கிறவர், அவருக்கு வேறு வசனம் தெரியாது. "மணமகனின் துணைவியார் உலகம்மை அவர்கள், அன்பளிப்பாக, மூன்று பங்கு!" பொத்தானை ஒட்டினார்கள். பானை கொஞ்சம் இறங்கியது. கைதட்டல். "மணமகனின் தாய்மாமன், உயர்திரு தளவாய் அவர்கள், இரண்டு பங்கு!" வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மாமா ஏறினார். அண்ணனும் இரண்டு. தாய்மாமனுக்குக் குறைந்துவிடக் கூடாது என்பதற்காக ஏறும்போதே விரலைக் காட்டிக்கொண்டு ஏறினார். வடிவு மைனி ஒன்று. அதற்கப்புறம் ஒன்றுவிட்ட, இரண்டுவிட்ட வகையறாக்கள் சேர்ந்து சில்லறையாக ஒன்று. பானையின் அடியில் ஒரே ஒரு பங்கு மிச்சம் இருந்தது. டாக்டர் போதும் என்று கையைக் காட்டினார்.

தளவாய் மாமா மேடைப் படியில் நின்றுவிட்டார். "அடியில கொஞ்சம் கெடக்கே, அது என்னது?"

"அது சைலப்பன் சாரோட பங்கு, ஐயா. அவர்கிட்ட இருக்கணும்."

"மருமவன் பங்க மருமவனே வச்சுக்கிடுததா? அப்ப தாய்மாமன்னு நான் எதுக்கு இருக்கேன்? அதையும் எங்கணக்குல ஏத்துங்க."

"ஒங்களுக்குத்தான் ரெண்டு ஆச்சே மாமா" என்று நாறும்பூ அத்தான் எழுந்தார். "கூடப்பொறந்தவன் நான் ஒருத்தன் உயிரோட இருக்கேன்லா. அது எனக்கு."

மைக் அணைக்கப்படவில்லை. சாப்பாட்டுப் பந்தியில் இருந்தவர்கள்கூட கையைக் கழுவாமல் வந்து நின்றார்கள்.

"ஐயா, தயவுசெஞ்சு கேளுங்க, ஆராய்ச்சியில..." என்றார் டாக்டர்.

"ஆராய்ச்சி எங்க குடும்பத்துல பொண்ணு எடுத்துருக்கா? சும்மா இரிங்கம்மா" என்றார் மாமா.

கடைசியில் ஆளுக்குப் பாதியாக வைத்துக்கொண்டார்கள். ஆளுக்கு இரண்டரை, கௌரவம் சமமாக முடிந்தது. பானை சுத்தமாகக் காலியானது. நாதஸ்வரக்காரர் கெட்டிமேளம் வாசித்துவிட்டார். என் கணவர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். கழுவிக் கவிழ்த்த தட்டு போல இருந்தது முகம். அந்த நேரத்தில் எனக்கு ஆனந்தக் கண்ணீர் வந்தது.

மறுநாள் மாலை ஆறு மணிக்குத்தான் எனக்குத் தாகம் என்றால் என்ன என்று தெரிந்தது. அது நாக்கில் வருவதில்லை. வீடு, விளக்கு, கட்டியிருக்கிற சேலை எல்லாமே ஓர் அளவு இறுக்கமாகிவிடும். தளர்த்திக்கொள்ள ஒரே ஓர் இடம் இருப்பதாகத் தோன்றும். அந்த இடத்துக்கு வழி தெரியும். இதைத்தான் அவர் பதினைந்து வருடமாகத் தினமும் சாயங்காலம் சுமந்திருக்கிறார், அதுவும் என்னைப் போல மூன்று மடங்குக்கு மேல். நான் அவரை யோகா வகுப்பில் சேரச் சொல்லியிருக்கிறேன்.

எங்கள் பங்காளிகளும் படாதபாடு பட்டார்கள். தளவாய் மாமா புரோட்டா வாங்கப் போகிறேன் என்று மதுக்கடை இருக்கிற தெருவையே சுற்றிச் சுற்றி வந்தார். அந்தத் தெருவில் புரோட்டாக் கடையே கிடையாது. தலைமையாசிரியர் அத்தான் ஒரே வாரத்தில் வீட்டிலிருந்த இருமல் மருந்து முழுவதையும் குடித்து முடித்தார், இருமல் இல்லாமலே. வடிவு மைனி தினமும் மாவாட்டி, புளிக்க வைத்து, மூடியைத் திறந்து மோந்து பார்த்துக்கொண்டிருந்தாள். வீட்டில் மூன்று வேளையும் இட்லி. மைனியின் கணவர் என்னிடம் போனில் அழுதார்.

பிறகு ஒருநாள் ஆறு மணிக்குத் தளவாய் மாமா எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். "சும்மாத்தான் வந்தேன் தாயி" என்றார். உள்ளே வந்து உட்கார்ந்தார். அடுத்த நாள் அத்தானும் சும்மா வந்தார். மைனியும் வந்தாள். மிக்சர் மட்டும் வேண்டும் என்றார்கள். ஒரு பெரிய தட்டில் கொட்டி நடுவில் வைத்தேன். நான்கு பேரும் சுற்றி உட்கார்ந்து மென்றோம்.

"ஒங்களுக்கு எப்படி இருக்கு மைனி?" என்றேன்.

"இப்பம் கைதான் நடுங்குது. ஒனக்குட்டி?"

என் வாழ்நாளில் வடிவு மைனி என்னிடம் கேட்ட முதல் நல்ல கேள்வி அது. அன்றைக்கு மாமா சறுக்கிவிட்டு வந்திருந்தார், வாடை வந்தது. ஒருத்தரும் பிரசங்கம் செய்யவில்லை. அத்தான் தன் பக்கத்து மிக்சரை மாமா பக்கம் தள்ளிவைத்தார். "ஏழு மணிக்குக் கொறையும் மாமா" என்று மட்டும் சொன்னார். டாக்டர் பியூலா சொன்னது எவ்வளவு உண்மை! தெரிந்த பிறகு திட்ட வாய் வரவில்லை.

ஒரே ஒருவருக்கு மட்டும் வாய் நன்றாக வந்தது.

சைலப்பன் காற்றாலையில் மறுபடி ஏறினார். உடம்பு தேறியது. சட்டையில் மடிப்புக் கலையவில்லை. தாகசாந்தி இல்லம் அவரைப் பேச்சாளராக்கி ஊர் ஊராக அனுப்பியது. தலைப்பு எப்போதும் ஒன்றுதான், 'மன உறுதி'. "நான் ஒருநாள் முடிவு பண்ணினேன். விட்டேன். அவ்வளவுதான். குடிகாரங்களுக்கு மனசு இல்ல, அதான் விசயம்" என்று மேடையில் விரலைச் சொடுக்குவார். முன்வரிசையில் நாங்கள் அவருடைய மன உறுதியை ஆளுக்குக் கொஞ்சம் காதுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு, வியர்த்து உட்கார்ந்திருப்போம்.

அவர் பொய் சொல்லவில்லை. அதுதான் பயங்கரம். தாகம் எப்படி இருந்தது என்பதே அவருக்கு மறந்துபோயிருந்தது. பல் பிடுங்கிய இடத்தில் வலி எப்படி இருந்தது என்று நினைவிருக்குமா? அப்படி.

எங்கள் தெருமுனையில் மறுபடியும் ஒருத்தன் விழுந்து கிடந்தான். இவர் நின்றார். துண்டை எடுப்பார் என்று நினைத்தேன். போனை எடுத்தார். படம் பிடித்து, 'இவனெல்லாம் பூமிக்குப் பாரம்' என்று எழுதிக் குடும்பக் குழுவில் போட்டார். தளவாய் மாமா குழுவை விட்டே போய்விட்டார்.

அடுத்த வாரம் மாமா சறுக்கிய காலோடு ஆறு மணிக்கு வந்தபோது, இவர் வாசலை மறித்துக்கொண்டு நின்றார். "குடிச்சிட்டு எங்க வீட்டு வாசல்ல கால வைக்கப்பிடாது மாமா. போய்த் தெளிஞ்சிட்டு வாங்க." மாமா அவரை ஏறிட்டுப் பார்த்தார். தன் காதுக்குப் பின்னால் ஒருமுறை தடவிக்கொண்டார். திரும்பி நடந்தார். அவர் சுமந்து வந்து நின்றதே இவருடைய மூட்டையைத்தானே!

அன்றைக்கு நான் குடித்தேன். மறைக்க என்ன இருக்கிறது? மாடியில் டாக்டரைப் பார்க்கப் போனவள், லிஃப்ட்டில் ஏறாமல் கீழேயே நின்றுவிட்டேன். முதல் மிடறு நெருப்பு. இரண்டாவதில் சைலப்பனை மன்னித்தேன். மூன்றாவதில் என்னையே மன்னித்துவிட்டேன், அதுதான் அதில் இருக்கிற ஆபத்து. சேலை தளர்ந்தது. ஒரு மணி நேரத்துக்குப் பிறகு முன்னைவிட இறுக்கமாகியது.

வீட்டில் அவர் காத்திருந்தார். "ஊதுட்டி" என்றார்.

ஊதினேன்.

"சே! பொம்பளையா நீ?"

"நான் குடிச்சது ஒங்க தாகத்தத்தான்."

"தாகமாவது மோகமாவது. மனசுல உறுதி இருந்தா எவளுக்கும் ஒண்ணும் செய்யாது. என்னைப் பாரு."

"ஒங்களத்தான் பாத்துக்கிட்டே இருக்கேன். அவ்வளவு உறுதியா இருக்கீயள்லா, எம் பங்கத் திருப்பி வாங்கிக்கிடுங்க. சம்மதம்னு ஒரு வார்த்த சொல்லுங்க, போதும்."

"குடிகாரங்க சகவாசமே வேண்டாங்கேன், குடிகாரி தாகத்த வாங்கி நான் என்ன செய்யப்போறேன்?" துண்டை உதறித் தோளில் போட்டார். "இந்த வீட்டுல இனிமே ஒனக்கு எடமில்ல. மாசக் கடைசியில ஒங்க அண்ணன வரச் சொல்லு. கூட்டிட்டுப் போகட்டும்."

நான் குடித்துவிட்டு மன்னிப்புக் கேட்டவரோடு வாழ்ந்தவள். குடிக்காமல் என்னை வெளியே போகச் சொல்கிற இந்த ஆளை எனக்குத் தெரியவே தெரியாது. குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். இன்றைக்குச் சொன்னாலும் வெட்கமாகத்தான் இருக்கிறது, அந்தப் பழைய குடிகார சைலப்பனுக்காகத்தான் அழுதேன்.

மறுநாள் லிஃப்ட்டில் ஒழுங்காக ஏறி மாடிக்குப் போனேன். நடந்ததைச் சொல்லச் சொல்ல டாக்டர் பியூலாவின் குரலிலிருந்து தேன் வடிந்துபோனது.

"அந்த ஒரு பங்கு" என்றார். "அதுக்குத்தான்மா அன்னைக்கு அவ்வளவு கெஞ்சினேன். சுத்தமா எடுத்துட்டா மனுசன் மறந்துருவான். மறந்தவனுக்கு இரக்கம் வராது. இதுக்கு முன்னாடியும் ஒரு குடும்பத்துல பாத்திருக்கேன்."

"பாத்தீயள்லா? அப்ப அவரை ஏன் மேடை மேடையா ஏத்துதீய?"

டாக்டர் மேசையைப் பார்த்தார். "அவர் பேசுனா ஆள் சேருது. மேலயும் கீழயும். முதலாளிக்கு அது போதும்." பிறகு, "என் தப்புதான். ஆனா அவர் சம்மதம் இல்லாம நான் ஒண்ணும் செய்ய முடியாதே" என்றார்.

"அவரு எதுக்கு எங்க பங்கத் திருப்பி வாங்கணும்? இங்க யாரு வேணும்னாலும் தாகமுள்ளவராச் சேரலாம்லா?"

"சேரலாம்."

"சேந்தா அவங்க சொந்தக்காரங்க பங்கு எடுத்துக்கிடலாம்லா?"

"சம்மதிச்சா எடுத்துக்கலாம்."

"அப்ப எம்பேரைச் சேத்துக்கிடுங்க டாக்டர். இப்பம் நான்தான் நோயாளி. பழைய மண்டபத்தையே பிடிங்க. அந்த மைக்காரரு கண்டிப்பா வேணும்."

டாக்டர் என்னை நிமிர்ந்து பார்த்தார். எங்கள் ஆட்களைப் பற்றி அவருக்கு இப்போது கொஞ்சம் தெரிந்திருந்தது.

சைலப்பன் வருவாரா என்ற பயமே தேவைப்படவில்லை. சிறப்புப் பேச்சாளர் என்று அழைப்பிதழில் போட்டிருந்தோம், அரைமணி முன்னதாகவே வந்துவிட்டார். நான் சிம்மாசனத்தில் மாலையோடு உட்கார்ந்திருந்தேன். என்னிடம் இருந்தது மூன்று பங்குதான் என்றாலும் திரையில் முழுப் பானையாகவே காட்டினார்கள். அவர் அதைப் பார்த்து முகத்தைச் சுளித்தார். பேச்சில் என் பெயரைச் சொல்லாமல், "சில குடும்பத்துல சில பேரு" என்று என்னைப் பார்த்துக்கொண்டே சொன்னார். என் அண்ணன் பின்வரிசையில், என்னைக் கூட்டிக்கொண்டு போகப் பெட்டியோடு உட்கார்ந்திருந்தான்.

மைக்காரர் ஆரம்பித்தார். "மணமகளின்... மாமனார் முறையான உயர்திரு தளவாய் அவர்கள்!"

மாமா மெதுவாக ஏறி மைக்கை வாங்கினார். "எனக்கு ஏற்கெனவே கழுத்து மட்டும் நெறஞ்சு கெடக்கு. இருந்தாலும் எம்மருமவளுக்கு இல்லாததா? பாதிய எங்கணக்குல ஏத்துங்க."

"மீதிப் பாதி எனக்கு" என்று நாறும்பூ அத்தான் கீழேயிருந்தே எழுந்தார். பள்ளிக்கூடக் குரல், மைக் தேவைப்படவில்லை. "தம்பிகிட்ட ஒண்ணும் கேக்க வேண்டாம் டாக்டர். அவன் பேச்சுக்காரன். தாங்க மாட்டான், பாவம்."

"ஆமா, ஆமா" என்றாள் வடிவு மைனி. "பொண்டாட்டிக்குச் செய்ய அவனால ஏலாது. நாமதான் செய்யணும்."

மண்டபம் மொத்தமும் திரும்பி என் கணவரைப் பார்த்தது. வீடியோக்காரரும் திரும்பினார். சைலப்பனின் மீசை துடித்தது.

"யாருக்கு ஏலாது?"

நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்தார்.

"யாரு தாங்க மாட்டா?" மேடையில் இரண்டிரண்டு படியாக ஏறினார். மாமாவின் கையிலிருந்த மைக்கைப் பிடுங்கினார். "எம் பொண்டாட்டி தாகத்த எவனும் தொடப்பிடாது. கட்டுனவன் நான் இருக்கேன். முழுசும் எனக்கு!"

"சம்மதமா சார்?" என்று டாக்டர் பியூலா கேட்டார்.

"சம்மதம்! சம்மதம்! சம்மதம்!"

பொத்தானை ஒட்டினார்கள். என் பானை இறங்க ஆரம்பித்தது. கைதட்டலுக்குக் கையைத் தூக்கிக் கும்பிட்டவர், பாதிக் கும்பிடில் நின்றுவிட்டார். சட்டைக் காலரை இழுத்துவிட்டுக்கொண்டார். மேல் பொத்தானைக் கழற்றினார். ஒரு கணம் மண்டப வாசலைப் பார்த்தார், அப்புறம் தன் கைகளைப் பார்த்தார். அப்படியே மேடையில் என் காலடியில் உட்கார்ந்துவிட்டார்.

"ஏ உலகு" என்றார். மைக் கையில் இருந்ததால் ஊருக்கே கேட்டது. "இதையா?"

"ஆமா."

"எப்பலேர்ந்து?"

"ஒங்க மாலை வாடுததுக்கு முந்தியிலேர்ந்து."

அவர் அண்ணனைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார். தளவாய் மாமாவைப் பார்த்ததும் முகம் கோணிவிட்டது. "மாமாவ வாசல்ல நிறுத்திட்டேனே" என்றார். தோளிலிருந்த துண்டை எடுத்து என் முகத்தைத் துடைத்தார். எனக்கு வியர்த்திருந்ததை அன்றைக்குத்தான் பார்க்கிறார். மன்னிச்சுக்கோ என்றார். மாமாவிடம் சொன்னார். டாக்டரிடம் சொன்னார். எழும்போது நாற்காலியில் இடித்துக்கொண்டு அதனிடமும் சொன்னார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. என் ஆள் வந்துவிட்டார்.

பானையின் அடியில் கொஞ்சம் சிவப்பு மிச்சமிருந்தது. நான் டாக்டரின் கையைப் பிடித்தேன்.

"போதும். இது எங்கிட்ட இருக்கட்டும்."

"முழுசும் எனக்குன்னு மைக்ல சொன்னேன்லா" என்றார் கணவர். தாகம் வந்தாலும் கௌரவம் போகுமா?

"நாளைக்கு நீங்க சறுக்குவீய. எனக்குத் திட்ட வாய் வரும். வராம இருக்கணும்னா இது வேணும்."

மைக்காரர் திகைத்துப்போனார். இப்படி ஓர் அன்பளிப்பை அவர் எந்தக் கல்யாண வீட்டிலும் அறிவித்ததில்லை. "மணமகள் சார்பில்... மணமகளுக்கே..." என்று இழுத்தார். தளவாய் மாமாதான் முதலில் கைதட்டினார். பின்வரிசையில் என் அண்ணன் பெட்டியைக் கீழே வைத்தான்.

அன்றைக்கும் இரண்டு பாயசம். ஆனால் ஆறு மணி அடித்ததும் எங்கள் ஆட்கள் பந்தியை விட்டு எழுந்து, மேடைக்குப் பின்னாலிருந்த சிறிய அறையில் கூடினார்கள். மைனி பையிலிருந்து மிக்சரை எடுத்துத் தட்டில் கொட்டினாள். சைலப்பன் உள்ளே வரலாமா என்று தெரியாமல் கதவோரம் நின்றார்.

தளவாய் மாமா நகர்ந்து இடம் விட்டார். ஒரு கைப்பிடி அள்ளி அவரிடம் நீட்டினார்.

"இந்தால, உக்காந்து மெல்லு. ஏழு மணிக்குக் கொஞ்சம் கொறையும்."